‘நீர்ப்பூனை’ என்று அச்சிட்ட ஆபிரிக்க விலங்குப் படத்தாள்: வகுப்பறைக்கு வாங்கலாமா?

வவுனியாவிலிருந்து கிளிநொச்சி வரை ஏ9 வீதியோரப் புத்தகக் கடைகளில் சுருட்டி, ரப்பர் பான்ட் போட்டு, வாசல் வாளிக்குள் நிறுத்தி விற்கிற படத்தாள்களில் ஒன்று இது. தலைப்பு ‘ஆபிரிக்க விலங்குகள்’. அளவு 20 × 30 அங்குலம். நாலு நிரல், ஐந்து வரிசை, மொத்தம் 20 விலங்குகள். மேலே மினுங்குகிற பிளாஸ்டிக் படலம். அச்சிட்டவரின் பெயரோ முகவரியோ தாளில் எங்கும் இல்லை. விலை கடைக்குக் கடை மாறும்; 300 ரூபாவுக்கும் கிடைக்கும், 450 என்றும் சொல்வார்கள்.

முடிவை முதலே சொல்லிவிடலாம். படங்களுக்காக வாங்கலாம், பெயர்களை நம்பி வாங்கக் கூடாது. தரம் 3 முதல் 5 வரையான வகுப்புக்குப் பொருந்தும். முன்பள்ளிக்கு வேண்டாம். ஒரு பெட்டி ஏறத்தாழ நாலரை அங்குல அகலம், 5 அங்குல உயரம்தான். பாயில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கு அது வெறும் நிறத் திட்டாகத்தான் தெரியும்.

படங்கள் வரைந்தவை அல்ல, நிழற்படங்கள். பெரும்பாலானவை கூர்மையானவை. மலிவுத் தாள்களில் வழக்கமாக நடக்கிற நிற விலகல், அதாவது விலங்கின் ஓரத்தில் சிவப்போ நீலமோ நிழல்போல் தள்ளி நிற்பது, இதில் கிட்டத்தட்ட இல்லை. வரிக்குதிரையின் கோடுகளைப் பார்த்தாலே போதும்: கறுப்பும் வெள்ளையும் சந்திக்கிற இடம் சுத்தமாக இருந்தால் அச்சு சரி. கடையில் நின்று செய்யக்கூடிய முதல் சோதனை அதுதான்.

சிக்கல் மூன்றாம் வரிசையில், இடப்பக்கம் இரண்டாவது பெட்டியில் இருக்கிறது. பின்னங்காலில் நிமிர்ந்து, முன்னங்கைகளை வயிற்றில் வைத்துக்கொண்டு தூரத்தைப் பார்க்கும் மீர்கட், ஆபிரிக்காவின் சிறு கீரி வகை. அருமையான படம். கண்ணைச் சுற்றிய கறுப்புத் திட்டு, முதுகின் மங்கிய குறுக்குப் பட்டைகள், நுனி கறுத்த மெல்லிய வால் எல்லாம் தெளிவு. அதன் கீழே கொட்டை எழுத்தில் ‘நீர்ப்பூனை’. அதற்கும் கீழே சின்ன எழுத்தில் ‘கொறித்துண்ணி’. இரண்டும் பிழை.

முதல் பிழை எப்படி வந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். ஒல்லாந்த மொழியில் ‘மீர்’ என்றால் ஏரி, ‘கட்’ என்றால் பூனை. யாரோ பெயரை இரண்டாகப் பிரித்துத் தமிழாக்கியிருக்கிறார்கள். ஆனால் இந்த விலங்கு ஏரிப் பக்கம் வாழ்வதும் இல்லை, பூனைக் குடும்பமும் இல்லை. அதன் ஊர் ஆபிரிக்காவின் தென்மேற்கு: கலகாரி, நமீபியா, பொட்ஸ்வானா, தென்னாபிரிக்கா, அங்கோலாவின் தென்மேற்கு மூலை. வறண்ட வெளி. தனக்கு வேண்டிய நீரில் பெரும்பகுதியைப் பூச்சி, கிழங்கு, காட்டுக் கொம்மட்டி வகைகளிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

அப்படியானால் ‘ஏரிப் பூனை’ என்ற பெயர் ஏன்? பழைய ஒல்லாந்த மொழியில் அந்தச் சொல் நீண்ட வாலுள்ள குரங்கைக் குறித்தது. ஜேர்மன் மொழியில் அதன் சகோதரச் சொல் இன்றைக்கும் ஆபிரிக்கக் குரங்கு வகை ஒன்றுக்குத்தான் பெயர். 1652இல் நன்னம்பிக்கை முனையில் குடியேற்றம் அமைத்த ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்கள், அங்கே கண்ட சின்ன விலங்குகளுக்குக் கைவசம் இருந்த இந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். அதே கம்பனிதான் 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது. தென்னாபிரிக்காவில் மஞ்சள் கீரி, தரை அணில் என்று வளையில் இருக்கிற வேறு விலங்குகளுக்கும் இதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஆகவே அது ஒரு விலங்கைப் பார்த்து வைத்த பெயர் அல்ல, இடம் மாறி வந்து குந்திய பெயர்.

இன்னொரு கருத்தும் உண்டு. அந்த ஒல்லாந்தச் சொல்லே வடமொழி ‘மர்க்கட’ என்ற குரங்குப் பெயரிலிருந்து போயிருக்கலாம், கேட்ட ஒலியைத் தங்கள் மொழியில் பொருள்படும்படி ‘ஏரி’, ‘பூனை’ என்று மாற்றிக்கொண்டிருக்கலாம் என்று சொற்பிறப்பு ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். உறுதிப்பட்ட முடிவு அல்ல. ஆனால் இறையருளை விளக்க மர்க்கட நியாயம், மார்ஜார நியாயம் என்று குரங்கையும் பூனையையும் எதிரெதிரே வைத்துப் பேசிப் பழகிய தமிழ் வாசகருக்கு, ஒரே பெயருக்குள் இரண்டும் மாறிமாறி நுழைந்தது சுவையாகத்தான் இருக்கும். மற்றவர்கள் இதைவிடக் கவனமாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்: இன்றைய ஒல்லாந்தில் ‘குச்சி வாலன்’, ஜேர்மனியில் ‘மண்ணின் சிறு மனிதன்’. நாம் கீரியைப் பிள்ளை சேர்த்துக் கீரிப்பிள்ளை என்பதற்கு இது ஓரளவு கிட்ட வருகிறது.

தென்னாபிரிக்காவின் கரூ வெளியில் 2018இல் 64 தட்டுகளோடு திறந்த வானொலித் தொலைநோக்கிக்கும் இதே பெயர்தான். அங்கே பேசும் ஆபிரிக்கான்ஸ் மொழியில் ‘மீர்’ என்பதற்கு ‘இன்னும் கூடுதலாக’ என்ற பொருளும் உண்டு. முதலில் திட்டமிட்டதைவிடக் கூடுதல் தட்டுகள் வந்ததால் அந்தச் சிலேடை. தரம் 5 பிள்ளைகள் இதை விரும்பிக் கேட்பார்கள்.

‘நீர்ப்பூனை’ என்பதை வெறும் மொழிபெயர்ப்புப் பிழை என்று விட்டுவிட முடியாததற்கு வன்னியில் தனிக் காரணம் உண்டு. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளத்தை அண்டிய ஊர்ப் பிள்ளைகளுக்கு நீர்நாய் தெரிந்த பெயர். இலங்கையில் மீன் பிடித்துத் தின்னும் காட்டுப்பூனையும் உண்மையாகவே இருக்கிறது. குளக்கரை, சதுப்பு, நாணல் பக்கம் நடமாடுகிற, உடலில் புள்ளிகள் உள்ள, வீட்டுப் பூனையைவிடப் பெரிய விலங்கு. ‘நீர்ப்பூனை’ என்று வாசிக்கிற பிள்ளை இந்த இரண்டில் ஒன்றைத்தான் நினைக்கும். படத்தில் மணல் இருந்தாலும் அதன் மனதில் குளம்தான் வரும்.

‘கொறித்துண்ணி’ இதைவிட மோசம். மீர்கட் எலி, அணில் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல. ஊனுண்ணி, அதிலும் கீரிக் குடும்பம். அதாவது படத்தாளில் இருக்கிற 20 விலங்குகளில் வன்னிப் பிள்ளைக்கு நெருங்கிய உறவுமுறையில் தெரிந்த ஒன்றை எடுத்து, அந்த உறவையே அறுத்துவிட்டார்கள்.

இலங்கையில் நாலு வகைக் கீரிகள் உண்டு. வடக்கில் வளவுக்குள் வந்து கோழிக்குஞ்சு பிடிக்கிறது பெரும்பாலும் சாம்பல் கீரி. காட்டோரப் பாதையை வெட்டி ஓடும்போது வாலை மேலே வளைத்துத் தூக்குகிற, வால் நுனி கறுத்த செம்பழுப்புக் கீரி இன்னொன்று. வகுப்பில் ஒப்பிடச் சொன்னால் வால், விரல், கூட்டம் என்ற மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கீரியின் வால் அடியில் தடித்து மயிர் அடர்ந்தது. மீர்கட்டின் வால் மெல்லியது, நிமிர்ந்து நிற்கும்போது மூன்றாவது காலாக ஊன்ற உதவும். நம் கீரிக்குக் காலுக்கு ஐந்து விரல், மீர்கட்டுக்கு நாலு. படத்தில் முன்னங்கைகள் நன்றாகத் தெரிவதால் பிள்ளைகளே எண்ணலாம். இந்தப் படத்தைத் தேர்ந்தவருக்கு அந்த அளவில் நன்றி. நம் கீரி தனியாகவோ சோடியாகவோ திரியும். மீர்கட் கூட்டமாக வாழும். ஒரு கூட்டத்தில் சில வேளை 30க்கும் மேல். கூட்டம் மண்ணைக் கிண்டித் தின்னும்போது ஒன்று மேட்டிலோ பற்றையிலோ ஏறிக் காவல் நிற்கும். கழுகைக் கண்டால் ஒரு குரல், தரையில் நரியைக் கண்டால் வேறு குரல்.

தாளில் அளவுகோல் இல்லாதது அடுத்த குறை. ஒட்டகச்சிவிங்கியும் மீர்கட்டும் ஒரே உயரப் பெட்டிக்குள் நிற்கின்றன. திருத்துவது சுலபம்: நிமிர்ந்து நிற்கும் மீர்கட் சுமார் 30 சென்ரிமீற்றர். பிள்ளையின் அடிமட்டத்தை மேசையில் நிறுத்திக் காட்டினால் போதும். எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. பாடசாலைச் சுவரில் 5 மீற்றரைச் சுண்ணக்கட்டியால் குறிக்க முடிந்தால் ஒட்டகச்சிவிங்கியும் சரிவரும். ஒருமாடிக் கட்டடத்தில் கூரைக்கு மேலே போய்விடும் என்பதே பாடம்.

படத்தில் மீர்கட்டின் காலடியில், வலப்பக்க மூலையில், ஒரு தேளின் வால் தெரிகிறது. முக்கால்வாசிப் பேர் அதைக் கவனிக்க மாட்டார்கள். விறகுக் கட்டிலும் ஓட்டுக் கூரையிலும் தேளைக் கண்டு வளரும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல நுழைவாயில் கிடைக்காது. மீர்கட் குட்டிக்குத் தேள் தின்னப் பெரியவை பழக்கும். முதலில் கொன்ற தேள். குட்டி கொஞ்சம் வளர்ந்ததும் கொடுக்கை நீக்கிய உயிர்த் தேள். கடைசியில் முழுத் தேள். குட்டி இரைக்காக எழுப்பும் குரல் வயதோடு மாறும். அந்தக் குரலைக் கேட்டே எந்த நிலையில் கொடுப்பது என்று பெரியவை தீர்மானிக்கின்றன என்பதைக் கலகாரியில் செய்த ஆய்வு 2006இல் காட்டியது. விலங்குகளில் உண்மையான ‘கற்பித்தல்’ என்று ஏற்றுக்கொள்ளப்பட்ட மிகச் சில எடுத்துக்காட்டுகளில் இது ஒன்று. ஆசிரியருக்குத் தாளில் இருக்கிற ஆகப் பெறுமதியான மூலை அந்தத் தேள் வால்தான். தேளைக் கையால் தொடக் கூடாது என்பதை மட்டும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். கேட்டதைச் செய்து பார்க்கிற வயது.

மற்றப் பெட்டிகளில் இரண்டைத் திருத்த வேண்டும். ஆபிரிக்க விலங்குகளுக்குள் வரிப்புலி நிற்கிறது. வரிப்புலி ஆசியாவுக்குரியது. அந்தப் பெட்டியை மூடிவிடுவதே வழி. சிவிங்கிப்புலியின் படத்துக்குச் ‘சிறுத்தை’ என்று போட்டிருக்கிறார்கள். கண்ணின் உள்மூலையிலிருந்து வாய் வரை கறுப்புக் கோடு இறங்கினால் அது சிவிங்கிப்புலி. நம் காடுகளில் இருக்கிற சிறுத்தைக்கு அந்தக் கோடு இல்லை, புள்ளிகளும் வளையம் வளையமாக இருக்கும். யானை, சிங்கம், நீர்யானை எல்லாம் சரி.

பெயரைத் திருத்த அதிக வேலை இல்லை. பெயர்ப் பட்டையின் அளவு நாலு அங்குலத்துக்கு அரை அங்குலம். ஏ4 ஸ்டிக்கர் தாளில் ‘மீர்கட்’ என்று 36 புள்ளி எழுத்தில் அடித்தால் அந்தப் பட்டையை மூடும். ‘கொறித்துண்ணி’க்கு மேல் ‘கீரிக் குடும்பம்’, 20 புள்ளி. மொத்தத் தாளுக்கும் ஒரு ஏ4 தாராளம். கொமினிக்கேசன் கடைக்குச் சொற்களை வட்ஸ்அப்பில் தட்டி அனுப்பாதீர்கள். பல கடைகளில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். கைபேசியின் யுனிகோட் எழுத்தில் வந்ததை அப்படியே அதற்குள் ஒட்டினால் எழுத்துக் கலைந்துவிடும், அல்லது திரும்பத் தட்டும்போது ‘மீ’ குறுகி ‘மி’ ஆகிவிடும். பீ.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள், அச்சடிக்க முதல் திரையில் ஒருமுறை பாருங்கள்.

ஒட்டுமுன் அந்த இடத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் காய விடுங்கள். படலத்தின் மேல் கைரேகை எண்ணெய் இருந்தால் ஸ்டிக்கர் ஒரு மாதத்தில் ஓரம் தூக்கும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அழுத்தி, மேலே தெளிந்த செலோ டேப்பை ஒவ்வொரு பக்கமும் அரைச் சென்ரிமீற்றர் கூடுதலாக வருமாறு ஒட்டினால் வாடைக் காலத்து ஈரத்துக்கும் நிற்கும். மாக்கரால் அடித்து எழுதுவது அழகில்லை என்பதோடு, பிள்ளைகள் தடவத் தடவ அழிந்து பழைய பெயர் வெளியே வரும்.

இனித் தாளைப் பற்றி. இதே படத்தாள் இரண்டு விதமாக வருகிறது: ஒரு பக்கம் மட்டும் படலம் போட்டது, இரு பக்கமும் போட்டது. வெளியில் வித்தியாசம் தெரியாது. பின்பக்க மூலையில் நனைந்த விரலை வைத்துப் பாருங்கள். ஈரம் ஊறிக் கறுத்தால் ஒரு பக்கம்தான். அதை வாங்க வேண்டாம். ஒக்ரோபரில் மழை தொடங்கியதும் பின்பக்கத் தாள் ஈரம் குடித்து விரியும், முன்பக்கப் படலம் விரியாது, முழுத் தாளும் முன்னோக்கிச் சுருளும். எத்தனை ஆணி அடித்தாலும் நிமிராது, ஆணி அடித்த இடம் கிழியும். இரு பக்கமும் மூடியதுக்கு 100 ரூபா கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.

ரப்பர் பான்டைக் கடையிலேயே கழற்றச் சொல்லுங்கள். வெயில் படும் வாசலில் நின்ற தாள்களில் ரப்பர் உருகிப் படலத்தில் ஒட்டியிருக்கும், இழுத்தால் படலமும் சேர்ந்து வரும். வீட்டுக்கு வந்ததும் எதிர்ப்பக்கம் இறுக்கிச் சுருட்டி நிமிர்த்தாதீர்கள். படலம் வெடித்து வெள்ளைக் கோடு விழும், அது மறையாது. ஒரு இரவு தரையில் விரித்து, மேலே பழைய துணியும் பாரமும் வைத்தால் தானாகப் படியும்.

தொங்கவிடும் முறையில்தான் ஆயுள் இருக்கிறது. சுவரோடு ஒட்டக் கூடாது. சுண்ணாம்புச் சுவரில் இரட்டைப் பக்க டேப் பிடிக்காது, சுண்ணாம்புப் பொடியையும் சேர்த்துக் கொண்டு விழும். ஆணியடித்துச் சுவரோடு அமர்த்தினால் கறையான் சுவர் வழியே ஏறிப் பின்பக்கத்திலிருந்து தின்னும். முன்னால் படம் முழுசாக இருக்கும், தொட்டால் கையோடு வரும். 21 அங்குல நீளம், ஒரு அங்குல அகலமான மெல்லிய மரச் சட்டம் நாலு வாங்குங்கள். தாளின் மேலும் கீழும் ஒரு அங்குலம் வெறும் ஓரம் விட்டிருக்கிறார்கள். அந்த ஓரத்தை இரு சட்டங்களுக்கு இடையில் வைத்து, பக்கத்துக்கு மூன்று சிறிய திருகாணி. நைலோன் கயிற்றில் தொங்கவிட்டு, சட்டத்தின் பின்பக்கம் ஒரு அங்குல மரத்துண்டு இரண்டை ஒட்டினால் சுவருக்கும் தாளுக்கும் இடையில் காற்றோடும். கீழ்ச் சட்டம் கட்டாயம். அது இல்லாவிட்டால் சோளகத்தில் தாள் அடித்து அடித்து இரண்டு வாரத்தில் மேல் ஓரம் கிழியும்.

தாளின் நடு, தரையிலிருந்து 115 சென்ரிமீற்றர் உயரத்தில் வரட்டும். பெரியவர் கண் மட்டத்தில் மாட்டினால் மூன்றாம் வரிசை பிள்ளைக்கு எட்டாது. அரைச்சுவர் வகுப்பறையில் மழைச் சாரல் வருகிற பக்கத்தையும், பின்னேர வெயில் நேரே விழுகிற பக்கத்தையும் தவிருங்கள். வெயில் பட்டால் முதலில் சிவப்பும் மஞ்சளும்தான் மங்கும். நீலமும் கறுப்பும் மிஞ்சும். சிங்கமும் மீர்கட்டும் ஒரு வருடத்தில் நீலச் சாம்பலாகிவிடும், வரிக்குதிரை மட்டும் புதிசு மாதிரி நிற்கும்.

இரு பக்கமும் மூடியது கிடைக்காத ஊர்களில், கையிருப்பில் இருக்கிற ஒரு பக்கத் தாளைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். அதை எடுக்க வேண்டி வந்தால் பின்பக்கம் முழுவதும் அகலமான தெளிந்த டேப்பை ஓரம் மேலேறும்படி வரிசையாக ஒட்டிய பிறகே சட்டத்தில் பூட்டுங்கள். டேப்பின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து, அதை வைத்துக் கடைக்காரரிடம் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.